8 பாருக்கு இறங்கிய லீஃபை மாற்றலாமா? கல்முனைச் சகோதரியின் கேள்விக்கு ஒரு பதில்

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: உங்களிடம் இருப்பது 2014 ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 யூனிட் (கிலோவாட் மணி) பற்றரி, அதன் கொள்ளளவைக் காட்டும் பார் 12 இலிருந்து 8க்கு இறங்கிவிட்டது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு 80 கிலோமீற்றர். கணவர் லீசிங் போட்டுப் புதிய சீனக் கார் எடுப்போம் என்கிறார். தம்பி, பாவித்த 40 யூனிட் லீஃப் ஒன்று போதும் என்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, "மழை நாளில் களுவாஞ்சிகுடியில் நடு றோட்டில் நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று, எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எந்தக் கார் நல்லது என்பது அதற்குப் பிறகுதான்.

நான் மட்டக்களப்பில் வாகன மின் வேலை பார்ப்பவன். ஹைபிரிட் பற்றரியில் தொடங்கி, ஜப்பானில் பாவித்த லீஃப்கள் இங்கே வரத் தொடங்கிய காலத்திலிருந்து அவற்றைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே பற்றரியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். லீசிங் வட்டி, வரி, நாளைய சந்தை விலை எல்லாம் என் தொழில் இல்லை. அங்கே நான் சொல்வதை ஒரு அயலவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் தந்த இலக்கங்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன்.

முதலில் கணவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பெற்றோல் காரிலிருந்து மின்சாரக் காருக்கு மாறும்போது மாதாமாதம் கையில் காசு மிஞ்சும், அந்த மிச்சத்தில் லீசிங் கட்டலாம் என்ற கணக்கு ஓரளவு பொருந்தும். மின்சாரக் காரை விட்டு இன்னொரு மின்சாரக் காருக்கு மாறும்போது அந்த மிச்சம் கிடையாது. உங்கள் ஓட்டம் மாதம் 25 நாளுக்கு 2000 கிலோமீற்றர். லீஃப் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர் ஓடும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மீற்றரில் 320 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட வரும். புதிய கார் பாரம் கூடியது, ஒரு யூனிட்டுக்கு ஆறரை ஓடினாலே நல்லது என்பேன். அதாவது கரண்ட் பில் குறையாது, ஒரு சொட்டுக் கூடவும் செய்யலாம். லீசிங் காசு முழுக்கச் சம்பளத்திலிருந்துதான் போகும். அந்தக் காசுக்கு நீங்கள் வாங்குவது தூரமும் நிம்மதியும் புதிய வாசமும். அவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. எதற்குக் காசு போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

சரி, 8 பார் என்றால் என்ன? லீஃபின் டாஷ்போர்டில் வலது ஓரத்தில் இருக்கும் 12 சிறு கோடுகள் பற்றரியின் கொள்ளளவைக் காட்டுபவை. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பெரிய கோடுகள் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் பார் விழும்போது 15 சதவீதக் கொள்ளளவு போயிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாருக்கும் ஆறேகால் சதவீதம். அப்படிப் பார்த்தால் 8 பாரில் நிற்கும் கார் புதிதாக இருந்ததில் 60 முதல் 66 சதவீதத்துக்குள் இருக்கிறது. 24 யூனிட் என்று பெயர் இருந்தாலும் புதிதிலேயே ஓட்டக் கிடைத்தது 21 அல்லது 22தான். இப்போது உங்களிடம் இருப்பது 13 யூனிட் அளவு என்று வைத்துக்கொள்வோம்.

கல்முனை மட்டக்களப்பு வீதி தட்டையானது, மேடு பள்ளம் இல்லை. ஏசியோடு 50 இல் போனால் 7 கிலோமீற்றர் கிடைக்கும், ஆக 91 கிலோமீற்றர். நீங்கள் ஓடுவது 80. வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது பத்துப் பதினொரு கிலோமீற்றருக்கு மட்டும் மிச்சம் இருக்கும், சார்ஜ் குறைவு என்ற எச்சரிக்கை விளக்கை நீங்கள் பார்த்தே இருப்பீர்கள். கார்த்திகை மார்கழி மழையில் நனைந்த றோட்டு இழுக்கும், எதிர்க்காற்று, வைப்பர், லைட், கண்ணாடிப் புகாரைத் துடைக்க ஏசி. அப்போது ஒரு யூனிட்டுக்கு 6 தான் வரும், 13 ஐ 6 ஆல் பெருக்கினால் 78. வீடு 80 இல் இருக்கிறது. உங்கள் பயம் வெறும் மனப்பயம் இல்லை சகோதரி, கணக்கும் அதையே சொல்கிறது.

ஆனால் அந்தக் கணக்கை உடைக்க ஆறு யூனிட் போதும். நீங்கள் காலையில் வந்து எட்டு மணி நேரம் காரைச் சும்மா நிறுத்தி வைக்கிறீர்கள். வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு, தனி மீற்றர் போட்டு அதற்கான காசைக் கட்டுகிறேன் என்று சொல்லி ஒரு சார்ஜ் பொயின்ற் எடுக்க முடிந்தால் 40 கிலோமீற்றருக்கான மின்சாரம் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். அப்போது உங்கள் தேவை 80 இல்லை, 40 தான். 40 கிலோமீற்றருக்கு 8 பார் லீஃப் தாராளம், 7 பாருக்கு விழுந்தாலும் ஓடும். அலுவலகத்தில் முடியாவிட்டால் அருகில் உறவினர் வீடு இருக்கிறதா பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஜப்பானிலிருந்து காரோடு வந்த வயர் 15 அம்பியர் அளவு இழுக்கும். அதைச் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் மணிக்கணக்கில் குத்தி வைத்தால் பிளக் உருகும். உருகிய பிளக்குகள் என் மேசையில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், சரியான எர்த் மூன்றும் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பெரும்பாலும் அந்த வயர் சார்ஜே ஏற்றாது. கார் பழுது என்று நினைத்து என்னிடம் வருபவர்களில் சிலருக்கு வீட்டு எர்த்தைத்தான் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டில் சார்ஜ் ஏற்றும் நேரத்தையும் பாருங்கள். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக் கட்டணத்தில் ஆகக் கூடிய விலைக்குப் போய்விடுகிறோம், கார் மட்டுமே அதைத் தாண்டும். மின்சார சபையில் நேரத்துக்கு ஒரு விலை என்ற கட்டண முறை இருக்கிறது: இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை ஆகக் கூடிய விலை. லீஃபில் டைமர் உள்ளேயே இருக்கிறது. கூரையில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டால் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும், மாரி மாதங்களில் குறையும். புதிய காருக்குக் கட்ட நினைக்கும் முற்பணத்தில் ஒரு பங்கை இதற்குப் போட்டால் எந்தக் காரை வைத்திருந்தாலும் பயன்படும். காரை மாற்றலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கூரை சும்மா கிடக்கிறதா என்றுதான்.

இவ்வளவும் 13 யூனிட் என்ற ஊகத்தில். ஊகத்தை விட்டுவிட்டு அளக்க வேண்டும், அதற்குப் பெரிய செலவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. துளையில் (காரின் கணினியைப் படிக்கும் இடம்) ஒரு சிறிய புளூடூத் கருவியைக் குத்தி, தொலைபேசியில் லீஃப் ஸ்பை என்ற செயலியைத் திறந்தால் பற்றரி தன் கதையை எல்லாம் சொல்லும். கொள்ளளவு சதவீதம் மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். 96 சோடி செல்களின் வோல்ட்டேஜையும் கோடுகளாகக் காட்டும், அதுதான் முக்கியம். எல்லாக் கோடும் ஒரே உயரமாக இருந்தால் பற்றரி வயதாகியிருக்கிறது, ஆனால் சீராக வயதாகியிருக்கிறது. அப்படிப்பட்டது மெதுவாகத்தான் இறங்கும், திடீரென்று கைவிடாது. ஒன்றிரண்டு கோடு மட்டும் பள்ளமாக விழுந்து, வேகம் கொடுக்கும்போது இன்னும் கீழே போனால் அந்த செல் மற்ற எல்லாவற்றையும் பிடித்து இழுக்கிறது. 25 சதவீதம் இருக்கிறது என்று காட்டிவிட்டுச் சட்டென்று ஆமை விளக்கு (வேகத்தைக் குறைத்து, கார் நிற்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஆமைப் படம்) வருவது இதனால்தான். களுவாஞ்சிகுடியில் உங்களை நிறுத்தப்போவது இந்த இரண்டாவது வகை. 8 பார் காட்டும் இரண்டு கார்களில் ஒன்று இன்னும் சில வருடம் ஓடும், மற்றது அடுத்த மாரியைத் தாண்டாது. பாரைப் பார்த்து அது தெரியாது.

இடையில் ஒரு சின்ன விசயம். ஏறாவூரிலிருந்து ஒருவர் லீஃபைத் தூக்கு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட் ஆகவில்லை, டாஷ்போர்ட் முழுக்க மஞ்சள் விளக்கு, "பற்றரி முடிந்துவிட்டது, வந்த விலைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்றார். முடிந்திருந்தது பொனட்டுக்குக் கீழே இருக்கும் சாதாரண 12 வோல்ட் பற்றரி. மாற்றிக் கொடுத்தேன், அவர் இன்னும் அதே காரில்தான் சந்தைக்குப் போய் வருகிறார். உங்கள் காரில் அதை மாற்றி நாலு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இனித் தம்பியின் யோசனை. 40 யூனிட் லீஃப் 2017 கடைசியில் ஜப்பானில் வெளிவந்தது. ஓட்டத்துக்கு நல்ல கார், உங்கள் 80 கிலோமீற்றர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உங்கள் காரை இந்த நிலைக்குக் கொண்டுவந்த காரணம் அதிலும் இருக்கிறது. இரண்டிலுமே பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை, வெளிக்காற்றுப் படுவதுதான். எங்கள் ஊரில் ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது (கடலை இல்லை, மேற்கிலிருந்து வரும் அந்த நெருப்புக் காற்று) பகல் முழுக்கத் தார் றோட்டில் நின்ற கார் இரவு பத்து மணிக்கும் அடியில் சூடாக இருக்கும். லித்தியம் பற்றரியைத் தின்பது இரண்டு: சூடு, சூட்டோடு நிறைந்த சார்ஜில் நீண்ட நேரம் நிற்பது. ஜப்பானில் பத்து வருடத்தில் நடக்கும் தேய்மானம் இங்கே அதைவிட விரைவாக நடக்கும். ஆகவே 40 யூனிட் லீஃப் எடுத்தால் நிழலில் நிறுத்துங்கள், தேவையில்லாத நாளில் 100 வரை ஏற்றாதீர்கள், விடிகாலை கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் சார்ஜ் முடியும்படி டைமர் வையுங்கள். இப்போதுள்ள காருக்கும் இதே வைத்தியம்தான்.

பாவித்த லீஃப் வாங்கும்போது இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பார்களைப் பொய்யாக ஏற்றிக் காட்ட முடியும். பற்றரியைக் கண்காணிக்கும் கணினியை றீசெட் செய்தால் 8 பார் கார் 12 பார் காட்டும், சில வாரமோ மாதமோ கழித்து ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். அப்படி வாங்கிவிட்டு அழுதுகொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். விற்றவரின் தொலைபேசி அப்போது வேலை செய்யவில்லை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது: லீஃப் ஸ்பையில் எத்தனை தடவை விரைவு சார்ஜ், எத்தனை தடவை சாதாரண சார்ஜ் ஏற்றியது என்ற எண்ணிக்கை வரும். ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடிய காரில் இரண்டும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நிறையச் சார்ஜ் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். போய் வர 80 கிலோமீற்றரில் எத்தனை சதவீதம் சார்ஜ் இறங்கியது என்பதை யாராலும் மாற்றிக் காட்ட முடியாது. கீழே குனிந்து பற்றரிப் பெட்டியின் ஆணிகளையும் பாருங்கள். கடற்கரை ஓரம் நின்ற காரில் துரு பிடித்திருக்கும். வெள்ளத்தில் நின்ற காரில் கார்ப்பெட்டுக்குக் கீழே மணல் இருக்கும், கழுவினாலும் மூலையில் மிஞ்சும்.

கணவர் சொல்லும் புதிய சீனக் கார்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். பிவைடி டொல்பின் போன்றவற்றில் இருப்பது இரும்பு பொஸ்பேற் வகை லித்தியம் பற்றரி. நிறைய ஏற்றி வைப்பதைத் தாங்கும், கூடுதல் தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு. பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடும் இருக்கிறது, கச்சான் காலத்தில் அதன் அருமை தெரியும். 44.9 யூனிட் டொல்பினை எடுத்தால் நம் வீதியில் 280, 290 கிலோமீற்றர் எதிர்பார்க்கலாம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 ஐத் தாண்டும், நடுவில் ஒரு தடவை நிறுத்தத்தான் வேண்டும். அங்கே பிளக்கைக் கவனியுங்கள்: லீஃபின் விரைவு சார்ஜ் துளை ஜப்பானிய சாடெமோ, புதிய கார்களில் பெரும்பாலும் சி.சி.எஸ். 2. போகிற பாதையில் உள்ள சார்ஜரில் உங்கள் காருக்கான வயர் இருக்கிறதா என்று கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நம் மாகாணத்தில் விரைவு சார்ஜர் இன்னும் அரிது. வருடத்துக்கு இரண்டு தடவை கொழும்பு போவதற்காக மட்டும் பெரிய பற்றரிக்குக் காசு கொடுக்காதீர்கள். மட்டக்களப்பு ரயிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம்.

அந்தக் காரின் பத்திரத்தில் பார்க்க வேண்டியது பற்றரி உத்தரவாதம். எத்தனை வருடம், எத்தனை கிலோமீற்றர், எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தைத் தருவது உற்பத்தியாளரின் முகவரா, இறக்குமதி செய்து விற்பவரா என்பதும் முக்கியம். பிறகு அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ கார் நின்றால் யார் வருவார்கள், கொழும்புக்கு ஏற்றிப்போகும் செலவு யாருடையது என்று கேளுங்கள். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே "அப்படி ஒன்றும் வராது" என்றால் அதுவும் ஒரு பதில்தான், அதற்கேற்ப முடிவெடுங்கள். லீசிங் என்றால் முழுக் காப்புறுதி கட்டாயம் வரும், தவணைக் கணக்கில் அதையும் சேருங்கள்.

இருவரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று, காரை வைத்துக்கொண்டு பற்றரியை மட்டும் மாற்றுவது. விபத்தில் அடிபட்ட 40 யூனிட் லீஃபின் பற்றரியைப் பழைய லீஃபில் பொருத்தலாம். இடையில் இரண்டு கணினிகளையும் பேசவைக்க ஒரு சிறு கருவி வேண்டும். இது நடக்கிற காரியம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் 400 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும் பொருள், தெரியாதவர் கை வைத்தால் உயிர் போகும், ஆகவே முன்பே செய்து ஓடிக்கொண்டிருக்கும் காரைக் காட்டுபவரிடம் மட்டும் போங்கள். கெட்டுப்போன ஒன்றிரண்டு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். 60 சதவீதத்தில் இருக்கும் பற்றரிக்கு அது பழைய சாரத்தில் புதுத் துணி ஒட்டுவது போல, பக்கத்தில் கிழியும். நான் செய்வதில்லை.

விலை பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன், இங்கேதான் என் கால் வழுக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் எல்லாப் பழைய வாகனங்களும் தங்கம் போல விலை ஏறின. 2022 இல் பெற்றோல் வரிசையில் மக்கள் இரவு பகலாக நின்றபோது லீஃப் வைத்திருந்தவர் மகாராஜா. பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டியதும் அதே வருடம்தான், அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்து விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய விலையைப் பார்த்தால் வயிறு எரியும். போன விலை திரும்பாது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதிய கார்கள் வர வர 8 பார் லீஃபின் விலை இறங்கும் என்று நினைக்கிறேன், எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல முடியாது. வரி ஒரு இரவில் மாறும் நாடு இது. ஆனால் உங்கள் காருக்கு இன்று யாரும் பெரிய விலை சொல்லப்போவதில்லை, ஆறு மாதம் பொறுத்தால் இழப்பதும் பெரிதாக இராது. அவசரப்பட்டு எடுக்கும் லீசிங் அப்படி இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த மாதம் எதையும் விற்கமாட்டேன். செல் கோடுகளைப் பார்ப்பேன். சீராக இருந்து, மட்டக்களப்பில் ஒரு சார்ஜ் பொயின்றும் கிடைத்தால் இந்தக் காரிலேயே இரண்டு மாரியை ஓட்டுவேன், லீசிங்குக்குக் கட்ட இருந்த காசை வங்கியில் போடுவேன். கோடுகள் பள்ளமாக இருந்தாலோ, பகலில் ஏற்ற இடமே கிடைக்காவிட்டாலோ அடுத்த மழைக்கு முன் மாற்றுவேன். அப்போது கணவர் பக்கம்தான் சாய்வேன், தவணை உங்கள் இருவரில் ஒருவரின் சம்பளத்தில் மட்டும் கட்ட முடிந்தால். முடியாவிட்டால் தம்பி சொல்லும் லீஃப், ஆனால் மேலே சொன்னபடி ஓட்டிப் பார்த்த பிறகு.

அப்புறம், சோதிக்க எந்தக் கராஜுக்குப் போனாலும் காரைக் கழுவி, முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நிறைந்திருக்கும்போது நோஞ்சான் செல்லும் நன்றாகத்தான் தெரியும். வேலை முடிந்து, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய நிலையில் கொண்டுபோய் நிறுத்துங்கள், திரும்பி வரச் சார்ஜ் வயரையும் எடுத்துச் செல்லுங்கள்.